ஒரு ஹார்டு டிஸ்க்கில் மூன்று குடித்தனம்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் கணவருடைய வேலைக்காக. அவர் கணக்கு எழுதுபவர். மாசி வீதிகளில் இருந்த சின்னச் சின்னக் கடைகளின் கணக்கை வீட்டுக்கு எடுத்து வந்து முடித்துக் கொடுப்பார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில ஆண்டுகள் அவை. விளாங்குடியில் எங்கள் தெருவில் பாதி காலி மனைகளாகத்தான் கிடந்தது. திண்டுக்கல் ரோட்டில் போகும் லாரிகளின் தூசி வந்து படியும் என்று, கம்ப்யூட்டருக்குப் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து உறை தைத்துப் போட்டிருந்தேன்.

நான் ஆரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் அவர் வருவதற்குள் உறையை எடுத்துவிட்டு உட்காருவேன். ஒன்றும் பெரிதாகச் செய்யமாட்டேன். எதையாவது திறப்பேன், மூடுவேன். அப்படித் திறந்து பார்த்ததில் ஒன்று மனதில் உறுத்தியது. ஏ என்று ஒரு டிரைவ் இருந்தது, அது பிளாப்பி என்ற சின்ன வட்டைச் செருகுவதற்கு. அடுத்தது சி, அப்புறம் டி. நடுவில் பி இல்லை.

"என்னங்க, பி எங்க போச்சு?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"கணக்கு டீச்சர் கேக்குற கேள்வியா இது? பாய்ட்ட போன் போட்டுக் கேளு."

பாய் என்று அவர் சொன்னது எங்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டித் தந்தவரை. கோரிப்பாளையத்தில் சந்திப்பை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் கடை வைத்திருந்தார். எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை, போன் போட்டேன்.

"அது ரெண்டாவது பிளாப்பிக்கான எடம்மா. இப்ப யாரு ரெண்டு பிளாப்பி வைக்கிறா? ஆளு வரலைன்னாலும் எடத்தை விட்டு வச்சிருக்காங்க," என்றார் பாய்.

"அப்ப சி, டி ரெண்டும் ரெண்டு டிஸ்க்கா பாய்?"

"இல்லம்மா, ஒரே டிஸ்க்குதான். நான்தான் நடுவுல கோடு போட்டு ரெண்டாக்கிக் குடுத்தேன். சார் கணக்கையெல்லாம் டி-யில வைக்கட்டும்னு."

போனை வைத்த பிறகும் அந்தக் கோடு என்னை விடவில்லை. உள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று படித்திருக்கிறேன். சுற்றுகிற தட்டில் கோடு எங்கே இருக்கும்? அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? கோடு அழிந்துபோனால் இந்தப் பக்கத்துக் கணக்கு அந்தப் பக்கம் சிந்திவிடுமா? இதையெல்லாம் அவரிடம் கேட்டால் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சௌராஷ்ட்ரக் குடும்பம். எங்களோடு மதுரைத் தமிழில் வாயடித்துக்கொண்டே இருப்பவர், வீட்டிலிருந்து போன் வந்தால் நொடியில் வேறு மொழிக்குப் போய்விடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. போனை வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தமிழைத் தொடருவார். ஒரே ஆளுக்குள் இரண்டு மொழி இப்படி ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கோட்டைப் பற்றிக் கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. இம்மாதிரிக் கேள்வியை எங்கள் ஆசிரியர் அறையில் அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"டிஸ்க்கோட தலைப்புல ஒரு சின்ன அட்டவணை இருக்கும். எது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு நம்பர் மட்டும். அம்புட்டுதான் கோடு. வேற ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க வீட்டு டிஸ்க்குல எடம் கெடக்கா?" என்று கேட்டார்.

அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடி இருந்தது; விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்ட அது இன்னொரு ஏற்பாடு. பள்ளிக்கூடத்து மெஷினில் போட்டுப் பார்க்க நிர்வாகம் விடாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அந்த சிடியில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எழுத்துகளை வரைந்து, தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துருவாக மாற்றித் தரும் மென்பொருள். அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பழைய புத்தகம் ஒன்றின் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தையும் வரைய வேண்டும். சித்தி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையின் ஒரு பக்கத்தையாவது சொந்த எழுத்தில் அடிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

"உங்க வீட்லயே பாதிப் பேருக்கு அது வாசிக்கத் தெரியாதேக்கா?"

"பாதியா? முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கே போன வருசம்தான் தெரியும். வரைஞ்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்டி."

என் கணவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "என் கணக்கு எதுலயும் கை வைக்கக் கூடாது. காலையில நான் ஸ்விட்ச்சைப் போட்டா என் விண்டோஸ் வரணும். மத்தபடி என்னமும் பண்ணுங்க," என்றார். டி-யில் இருந்த கணக்குகளை சி-க்கு மாற்றிக்கொண்டு, பிளாப்பிகளிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டார். டி எங்களுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மல்லிகைப் பூவும் பையில் சிடியுமாக வந்தார். திரையில் ஒரு நீண்ட பட்டை தெரிந்தது. அதுதான் ஹார்டு டிஸ்க் முழுவதும். இடது ஓரத்தில் சி ஒரு நிறத்தில், மீதி டி. அக்கா டி-யை அழித்தார். காலியான இடத்தில் முதலில் ஒரு துண்டு வெட்டினார்: அது லினக்ஸுக்கு. நினைவகம் போதாதபோது பயன்படுத்திக்கொள்ள ஒரு சின்னத் துண்டு. கடைசியில் ஒரு பெரிய துண்டு. நடுவில் கொஞ்சம் வெட்டாமல் சும்மா விட்டார்.

"கடைசியில இருக்குறது எதுக்கு?"

"அது ஹோம். இதுல ஆளுக்கு ஒரு ஹோம் உண்டு. உன் பொருள் உன் ஹோமுக்குள்ள, என் பொருள் என் ஹோமுக்குள்ள. அதைத் தனித் துண்டுல வச்சிட்டோம்னா, நாளைக்கு இந்த லினக்ஸ் பிடிக்கலைன்னு முதல் துண்டைத் துடைச்சுப் போட்டு வேற ஒண்ணை ஏத்தலாம். ஹோம் அப்படியே இருக்கும்."

"நடுவுல விட்டது?"

"அந்த வேற ஒண்ணுக்கு," என்று சிரித்தார்.

உள்ளே நுழைவதற்கு முதலில் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினோம், பிறகு அக்கா பெயரில். மெஷினை அணைத்துப் போட்டபோது ஒரு பட்டியல் வந்தது: லினக்ஸா, விண்டோஸா? கொஞ்ச நேரம் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக விண்டோஸுக்குப் போகும்படி அக்கா வைத்திருந்தார். என் கணவர் பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய விண்டோஸ் வந்தது. கணக்கு திறந்தது. காபி கேட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அக்கா வந்தார். ஜெராக்ஸ் தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, மவுஸால் வளைவு வளைவாக இழுப்பார். ஒரு எழுத்துக்கே முழு மதியமும் போகும். "இந்தக் கொக்கி உள்ளுக்கு மடங்குதா, வெளியில நிக்குதா?" என்று என்னைக் கேட்பார். எனக்கு அந்த எழுத்து தெரியாது என்பதாலேயே என் கண்ணை நம்பினார். "உனக்கு அது வெறும் கோடு. எனக்குன்னா படிக்கத் தோணும், தப்பு தெரியாது" என்பார்.

மற்ற நாட்களில் நான் லினக்ஸில் சுற்றுவேன். விண்டோஸ் போல இங்கே சி, டி கிடையாது. எல்லாம் ஒரே மரம். ஹோம் என்ற கிளைக்குள் போகிறேன் என்று நினைத்தால், தெரியாமலேயே டிஸ்க்கின் கடைசித் துண்டுக்கு வந்திருப்பேன். எல்லை தாண்டுவதே தெரியாது. லினக்ஸுக்குள்ளிருந்து என் கணவருடைய சி-யையும் பார்க்க முடிந்தது. விண்டோஸுக்குள் இருந்து பார்த்தால் எங்கள் இடம் அவருக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் வீடு தெரிகிறது, அவருக்கு எங்கள் வீடு இருப்பதே தெரியவில்லை என்பது எனக்குச் சிரிப்பாக வந்தது. அதை அவரிடம் சொன்னேன். "பாரு, தொடாத," என்றார்.

சில மாதம் கழித்து அக்கா இன்னொரு சிடி கொண்டுவந்தார். அதில் மெனு எல்லாம் தமிழில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். தமிழில் கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று பார்க்க இரண்டு பேருக்குமே ஆவல். நடுவில் விட்டுவைத்த இடத்தில் அதை ஏற்றினோம். ஹோமைத் துடைக்காதே, அப்படியே எடுத்துக்கொள் என்று அதற்குச் சொல்லிவிட்டோம். அன்றைக்குக் கீபோர்டு அக்கா கையில் இருந்தது. அவர் பெயரை முதலில் அடித்தார், என் பெயரை இரண்டாவதாக.

தமிழ் வந்தது. கோப்பு, தொகு, உதவி என்று மேலே வரிசையாக எழுத்து. ஹோம் என்பதற்கு இல்லம் என்று போட்டிருந்தார்கள்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குடி. மணமகன் இல்லம்னு போடுவாங்கள்ல," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே அவருடைய இல்லத்தைத் திறந்தார்.

திறக்கவில்லை. அனுமதி இல்லை என்றது.

மறுபடி அடித்தார். மறுபடியும் அனுமதி இல்லை. அவருடைய பெயர், அவருடைய கடவுச்சொல், அவருடைய வீடு. உள்ளே விடமாட்டேன் என்கிறது. "அழிஞ்சுபோச்சா?" என்று கேட்டேன். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டு நான் என் பெயரில் நுழைந்து பார்த்தேன். என் வீடும் எனக்குத் திறக்கவில்லை. பக்கத்தில் அக்காவின் வீடு தெரிந்தது. சும்மா அதை அமுக்கினேன், திறந்துகொண்டது. எழுத்துகள் எல்லாம் அப்படியே இருந்தன.

"அக்கா, உங்க வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு!"

இரண்டு பேருக்கும் பயம் போய்விட்டது. அது போன இடத்தில் அரிப்பு மாதிரி ஒரு ஆர்வம் வந்தது. ஏன் இப்படி? ஃபைல்கள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், அக்காவின் வீடு என் பெயரைக் காட்டியது, என் வீடு அக்காவின் பெயரைக் காட்டியது. அக்கா தன்னிடமிருந்த கையேட்டைப் புரட்டினார். நான் பழைய லினக்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. திரும்பிப் புதியதற்குள் வந்தால் மாறியிருந்தது. டிஸ்க்கில் இருப்பது ஒன்றுதான். பார்க்கிறவர் மாறினால் சொந்தக்காரர் மாறுகிறார்.

பெயருக்குப் பதிலாக எண்ணைக் காட்டு என்று கேட்கும் வழி ஒன்று கையேட்டில் இருந்தது. கேட்டோம். அப்போதுதான் பிடிபட்டது. டிஸ்க்கில் எங்கள் பெயரே இல்லை. எண்தான் இருக்கிறது. முதலில் சேர்ந்தவருக்கு ஓர் எண், அடுத்தவருக்கு அடுத்த எண். பழைய லினக்ஸில் நான் முதலில் சேர்ந்தேன், புதியதில் அக்கா முதலில். வகுப்பு மாறினால் பிள்ளைகளின் வருகை எண் மாறுவதுபோல எங்கள் எண் மாறிவிட்டது. ஃபைல்கள் பழைய எண்ணையே நம்பிக்கொண்டு நின்றன.

"இம்புட்டுதானா?" என்றார் அக்கா. புதியதில் எண்களை மாற்றிப் போட்டதும் அவரவர் வீடு அவரவருக்குத் திறந்தது.

ஆனாலும் ஒரே ஹோமை இரண்டு லினக்ஸுக்கும் வைத்தது சரிப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் விருப்பங்களை நம் வீட்டுக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத ஃபைல்களாக எழுதி வைக்கும். புதியது எழுதியதைப் பழையது படித்துவிட்டு மெனு பட்டையைத் தொலைத்தது. பழையது எழுதியதைப் பார்த்துப் புதியது தமிழை மறந்தது. இரண்டு வாரம் இதோடு மல்லுக்கட்டினோம். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. ஹோமை அந்தந்த லினக்ஸுக்குள்ளேயே தனித்தனியாக வைப்போம், அவை தம் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளட்டும். நம் பொருள் மட்டும் பழைய ஹோம் துண்டில் பொதுவாக இருக்கட்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் அதற்கு ஒரு வாசல் வைப்போம். அக்கா ஒத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், பத்தாம் வகுப்புத் தேர்வில் நான் பாடம் எடுத்த பிள்ளைகள் மதிப்பெண் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

எழுத்துகள் முக்கால்வாசி முடிந்திருந்த சமயம் விண்டோஸில் வைரஸ் புகுந்தது. கணக்கைத் திறந்தால் மெஷின் தானாக அணைந்தது. நான் பள்ளிக்குப் போன பிறகு என் கணவர் கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு கோரிப்பாளையம் போயிருக்கிறார். மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ தோன்றி பாய் கடைக்கு அடித்தேன்.

"ஆமாம்மா, சார் வச்சிட்டுப் போயிருக்காரு. கவலைப்படாத. அவரு கணக்கையெல்லாம் என் டிஸ்க்குல பத்திரமா எடுத்து வச்சிட்டேன். சி-யைச் சுத்தம் பண்ணி விண்டோஸ் போட்டாச்சு. டி-யைக் காணோம்மா, என்னமோ துண்டு துண்டாக் கெடந்துச்சு, பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. அதையெல்லாம் எடுத்துட்டுப் பழையபடி ஒரே டி-யாப் போட்டு விட்டேன்."

"பாய், ஃபார்மேட் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் பண்ணலாம்னு..."

"தொடாதீங்க பாய். ஸ்விட்ச்சை அமத்துங்க. நாங்க வாரோம்."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "டீ குடிச்சிட்டாரா?" இரண்டு பேரும் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, அக்காவின் மேசையிலிருந்து லினக்ஸ் சிடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். வழி முழுக்க அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தில் பஸ் நின்றபோது மட்டும், "கோடு போனா உள்ள இருக்குறது போகாதுன்னு நான்தானே உனக்குச் சொன்னேன்," என்றார். "சொல்றது வேற. இப்பப் பாத்துத்தான் ஆகணும்."

கடையில் என் கணவரும் வந்து நின்றிருந்தார். பாய் வாடிய முகத்தோடு ஸ்டூலை எடுத்துப் போட்டார். "வெறும் எடம்னு நெனச்சேம்மா. விண்டோஸ்ல தெரியலையே. இப்ப அழிச்சது அழிச்சதுதான், திரும்ப எப்படி வரும்? எத்தனை டிஸ்க்கு பாத்திருக்கேன், ஒண்ணும் வந்ததில்ல. பார்மேட் பண்ணிட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்றார்.

"வரலைன்னா பண்ணிக்கலாம் பாய். மொதல்ல ஒரு தடவை பாக்குறோம்," என்றார் அக்கா.

சிடியிலிருந்து மெஷினைத் தொடங்கினோம். அதில் ஒரு சின்னக் கருவி இருந்தது. டிஸ்க்கைத் தலையிலிருந்து வால்வரை படித்துக்கொண்டே போய், இங்கே ஏதோ ஆரம்பித்த மாதிரி இருக்கிறதே, இங்கே ஏதோ முடிந்த மாதிரி இருக்கிறதே என்று ஊகித்துச் சொல்வது. எதையும் மாற்றாது, சொல்ல மட்டும் செய்யும். அது ஓட ஆரம்பித்தது. டிஸ்க்கின் விளக்கு மினுக் மினுக்கென்றது. கீழே சந்திப்பில் ஹாரன் சத்தம். பாய் எங்களுக்கும் டீ சொன்னார். அவருடைய டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

முதல் வரி வந்தது, சி. அடுத்து எங்கள் முதல் லினக்ஸ். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு சின்னத் துண்டு, பிறகு இரண்டாவது லினக்ஸ். கடைசியில், டிஸ்க்கின் வால் பக்கத்தில், ஹோம்.

ஆனால் கூடவே இன்னொன்றும் வந்திருந்தது. எங்கள் முதல் லினக்ஸ் ஆரம்பிக்கும் அதே இடத்தில் ஒரு விண்டோஸ் துண்டும் ஆரம்பிப்பதாகவும், அது டிஸ்க்கின் கடைசிவரை போவதாகவும் காட்டியது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

"பாய், நீங்க இன்னும் பார்மேட் பண்ணலைல்ல?" அக்கா சந்தேகத்தோடு திரும்பினார்.

"அல்லா சத்தியமா இல்ல."

நான் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றை ஏற்றால் மற்ற நாலும் பொய்யாக வேண்டும். அந்த நாலும் ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது ஆரம்பித்து, ஒன்றையொன்று மிதிக்காமல் நின்றன. ஊகித்துச் சொன்ன எண்கள் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது. அப்படியானால் அந்த விண்டோஸ் துண்டு என்ன? அது பாய் இன்றைக்குப் போட்டதில்லை; அவர் அட்டவணையில் கோட்டை மட்டும்தான் மாற்றினார், டிஸ்க்குக்குள் எதுவும் எழுதவில்லை. முதன்முதலில், கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வரும்போது போட்டுக் கொடுத்த பழைய டி. நாங்கள் அதன்மேல் லினக்ஸை ஏற்றியபோது, அதன் முதல் வரி மட்டும் அழியாமல் ஓர் ஓரத்தில் தங்கியிருக்கிறது.

"அது செத்துப்போன டி, அக்கா. விட்டுருங்க," என்றேன்.

அக்கா பழைய டி-யை விட்டுவிட்டு, மற்ற எண்களை மட்டும் அட்டவணையில் எழுதினார். மெஷினை அணைத்து, மறுபடி சிடியிலிருந்து போட்டு, ஹோம் துண்டைப் படிக்க மட்டும், எழுத முடியாதபடி திறந்தார். ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக இறங்கின. என்னுடைய வினாத்தாள்கள். அவருடைய எழுத்துரு. அவர் அதைத் திறந்ததும் திரையில் கட்டம் கட்டமாக அந்த எழுத்துகள் வந்து நின்றன, கொக்கிகளும் வளைவுகளுமாக.

அக்கா அவர் மொழியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பாய்க்கும் புரிந்திருக்காது, ஆனாலும் "அல்ஹம்துலில்லா" என்றார்.

பின்னால் நின்றிருந்த என் கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப இது அம்புட்டும் அங்கனயேதான் இருந்துச்சா? பாய் அழிச்சப்பவும்?"

"அங்கனயேதான் இருந்துச்சு."

"அப்ப என்னத்தை அழிச்சாரு?"

அக்கா அவருக்கு விளக்க ஆரம்பித்தார். தலைப்பில் இருக்கும் அட்டவணை, எண்கள், கோடு. பாயும் குனிந்து கேட்டார். நடுவில் இரண்டு முறை "ஒரு நிமிசம், மறுபடி சொல்லுங்க டீச்சர்" என்றார். அப்புறம் சிடியைத் தனக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, அங்கேயே எடுத்துக்கொண்டார். லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் பட்டியல் திரும்ப வருவதற்கான வேலையை முடித்துவிட்டு நாங்கள் கிளம்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு என் கணவர் முன்னால் போக, நாங்கள் பஸ்ஸில் போனோம்.

கல்யாணத்துக்கு முன்னால் எழுத்துரு முடிந்தது. பத்திரிகையின் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அந்த எழுத்து. அச்சகத்தில் அதைக் கையில் வாங்கிய அக்கா, வலது பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தார். கல்யாண மண்டபத்தில் நான் காது கொடுத்துக் கேட்டேன். "இது தெலுங்கா?" என்று ஒருவர். "இல்லப்பா, கிரந்தமா இருக்கும்," என்று இன்னொருவர். இரண்டு பேருமே அந்தக் குடும்பத்துக்காரர்கள்தான். அக்கா யாரையும் கோபிக்கவில்லை. கேட்டவர்களைப் பிடித்து உட்காரவைத்து, அவர்கள் பெயரில் இருக்கும் முதல் எழுத்தை மட்டும் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பந்திக்குக் கூப்பிட வந்த ஆள் இரண்டு முறை திரும்பிப் போனார். மணப்பெண்ணின் அண்ணன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். எழுத்துருவை ஒரு பிளாப்பியில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். அவருக்கும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் இருக்கும். பள்ளி வேலையாக அக்காவும் நானும் காமராஜர் சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். அக்கா சட்டென்று என் தொடையில் தட்டினார். வெளியே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. புதிதாகப் பெயிண்ட் அடித்த பலகை. தமிழுக்குக் கீழே, சின்னதாக, ஒரு வரி அந்த எழுத்தில்.

"அக்கா, உங்க எழுத்து!"

அவர் எட்டிப் பார்த்தார். சந்தோஷத்தோடு கூடவே முகம் சுளித்தார். "ஐயய்யே, கொக்கி உள்ளுக்கு மடங்கியிருக்கு பாரு. அது நான் மொதல்ல போட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் திருத்திட்டேன். அவரு பழசையே வச்சு எழுதிட்டாரு."

"எத்தனை பேருக்குக்கா தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாது," என்றார். பஸ் இன்னும் கொஞ்ச தூரம் போனது. "ஆனா இதைப் பாத்துத்தானே இனிமே ஒருத்தன் படிப்பான்?"

அடுத்த நிறுத்தத்தில் எழுந்துவிட்டார். நானும் பின்னாலேயே இறங்கினேன். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கடையை நோக்கி வேகவேகமாகத் திரும்பி நடந்தோம்.